நாலாம், ஐந்தாம் வகுப்புக்குப் பழைய கிரேக்கம்: எல்லாப் பாடத்திலும் எப்படிக் கொண்டுவருவது?

கடற்கரை டீச்சர் (குளச்சல் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் இந்த வருஷம் ஒவ்வொரு வகுப்பும் ஒரு பழைய நாகரிகத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் எல்லாப் பாடத்திலும் அதைக் கலந்து நடத்தி, கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. சீட்டுப் போட்டதில் எனக்கு விழுந்தது கிரேக்கம். சிந்துவெளி கிடைத்தவருக்கு யோகம். நான் எடுப்பது நாலும் ஐந்தும் சேர்ந்த வகுப்பு, பாதிப் பிள்ளைகள் கடலுக்குப் போகிற வீடு, மீதி கொத்தனார், கடை, கூலி வேலை. நம் சமச்சீர் புத்தகத்தில் கிரேக்கம் ஒன்பதாம் வகுப்பில்தான் தலைகாட்டுகிறது, அதனால் கைக்கு உதவியாக ஒன்றும் இல்லை. இணையத்தில் தேடினால் அட்டையில் பார்த்தினான் கோயில் செய்வது, போர்வையைச் சுற்றிக்கொண்டு போட்டோ எடுப்பது, தெய்வங்களின் பெயரை மனப்பாடம் பண்ணுவது, இவ்வளவுதான் வருகிறது.

நான் போட்டு வைத்திருக்கிற திட்டம் இது. தமிழுக்கு ஈசாப் கதை, கணக்குக்குப் பித்தகோரஸ், அறிவியலுக்கு ஆர்க்கிமிடீஸ், சமூக அறிவியலுக்கு ஏதென்ஸ் மக்களாட்சி, ஆங்கிலத்துக்கு மாரத்தான் கதை, ஓவியத்துக்குப் பானை, விளையாட்டுக்கு ஒலிம்பிக். தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு இந்த ஏழும் ஒரே சனத்தைப் பற்றியவை என்றே தோன்றாது என்று பயமாக இருக்கிறது. யாராவது இப்படி நடத்தியிருந்தால் சொல்லுங்கள். செலவு குறைவாக இருக்கணும். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (நாகர்கோவில்)

டீச்சர், முதலில் ஏழில் நாலை வெட்டுங்கள். பித்தகோரஸ் போகட்டும், வர்க்கம் வர்க்கமூலம் தெரியாத பிள்ளைக்கு அந்தத் தேற்றம் வெறும் பெயர். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து ஓடின கதையைச் சொன்னால் சிரிப்பார்கள், மிதப்பது பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. பாடத்துக்கு ஒன்று வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை அல்லவா? இரண்டு மூன்று கேள்வியை எடுத்துக்கொண்டு அதையே பல பாடத்தில் இழுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம், உலக வரைபடத்தை விரித்து "இதோ கிரேக்கம்" என்று தொடங்காதீர்கள். நம் கடற்கரையிலிருந்து தொடங்குங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து இந்தப் பக்கம் வணிகம் செய்த ஒருவர் கிரேக்க மொழியில் கடல்வழிக் கையேடு ஒன்று எழுதி வைத்திருக்கிறார், எரித்ரையக் கடல் பெரிப்ளூஸ் என்று பெயர். எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அதில் குமரி வருகிறது. அங்கே ஒரு துறைமுகம் உண்டு, ஆணும் பெண்ணும் வந்து நீராடி மணம் செய்யாமல் நோன்பிருந்து வாழ்வார்கள், அங்கே ஒரு பெண் தெய்வம் முன்பு நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். குளச்சல் பிள்ளைக்கு இதை வாசித்துக் காட்டினால் "இது நம்ம கன்னியாகுமரி அம்மன்லா" என்று தானே சொல்லிவிடும். அடுத்த நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க அறிஞர் எழுதிய புவியியல் நூலிலும் குமரி முனை இருக்கிறது, ஆய் நாட்டில் கொட்டியாரா என்றொரு ஊரும் இருக்கிறது. அது நம் கோட்டாறுதான் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. தினமும் பஸ் போர்டில் பார்க்கிற பெயர்! நம் பக்கத்துச் சாட்சி அகநானூறு 149ஆம் பாட்டு, சேரர் துறைமுகமான முசிறிக்கு யவனர், அதாவது கிரேக்க ரோமானிய வணிகர், கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சொல்கிறது. நம்மை அவர்கள் எழுதினார்கள், அவர்களை நாம் எழுதினோம். "யார் இந்த ஆட்கள், எங்கிருந்து வந்தார்கள்" என்று பிள்ளைகளே கேட்பார்கள், அப்போது வரைபடத்தை விரியுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். பெரிப்ளூஸ் காலத்து வணிகர் ரோமானிய ஆட்சியில் இருந்தவர், ஏதென்ஸின் பெரிய காலம் அதற்கு ஐந்நூறு வருஷம் முந்தியது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் சாக்ரடீஸ் மிளகு வாங்க முசிறிக்கு வந்தார் என்று பிள்ளை எழுதிவைக்கும். வராந்தாவில் ஒரு கயிறு கட்டுங்கள், பத்து வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு முனையில் கி.மு. 776, ஒலிம்பிக்கின் தொடக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. மாரத்தான் போர் நடந்த கி.மு. 490 ஏறக்குறைய 29 செ.மீ.யில் வரும், பெரிப்ளூஸ் 83க்குப் பக்கத்தில், தாலமி 93 வாக்கில். வள்ளுவர் சிலை திறந்த 2000ஆம் ஆண்டு 277 தாண்டிப் போய்விடும், பிள்ளை பிறந்த வருஷம் அதிலிருந்து ஒரு விரல் தள்ளி. துணி கிளிப்பில் தாளை மாட்டினால் போதும், கணக்கும் வரலாறும் ஒன்றாய் முடிந்தது.

தென்னாட்டான்

நம்ம கீழடியைப் பற்றிப் பேச நேரமில்லை, கிரேக்கனுக்கு ஒரு மாதமா? நல்லா இருக்கு.

கடற்கரை டீச்சர்

சார், சீட்டில் வந்தது, என்னைத் திட்டி என்ன பிரயோசனம்? கீழடி மூன்றாம் வகுப்பு டீச்சர் செய்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி தென்னாட்டான், இரண்டும் வேணும். அரிக்கமேட்டிலும் அழகன்குளத்திலும் மண்ணைத் தோண்டினால் ரோமானிய மதுச்சாடித் துண்டு கிடைக்கிறது, அதை யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியாமல் நம் கதையை மட்டும் எப்படிச் சொல்வது? இன்னொன்று, டீச்சர், "எல்லாவற்றையும் அவர்கள் நம்மிடமிருந்துதான் கற்றார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதையும் வகுப்புக்குள் விடாதீர்கள், அதற்கு எதிர்ப்பாட்டையும் விடாதீர்கள்.

பூக்கட்டு அம்மா (தோவாளை)

நான் டீச்சர் இல்லை, மூன்று பிள்ளைகளின் அம்மா. முதலில் ஒரு வயிற்றெரிச்சல். இந்த மாதிரி ஒரு மாதம் வந்தால் எங்கள் வீட்டில் ராத்திரி பதினொன்று மணிக்கு சார்ட் வெட்டி ஒட்டுவது நான்தான், பிள்ளை தூங்கிவிடும். போன தடவை எரிமலை. ஆகவே, வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிற வேலையாக எதையும் வைக்காதீர்கள் டீச்சர், புண்ணியமாகப் போகும்.

ஒலிம்பிக் என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. ஜெயித்தவனுக்கு அந்தக் காலத்தில் பதக்கம் கிடையாது, காட்டு ஒலிவ இலை வளையம்தான் தலையில் வைப்பார்கள் என்று என் பெரியவள் படித்துச் சொன்னாள். ஒலிவத்துக்கு நாம் எங்கே போக, வேப்பங்கொழுந்தோ புன்னை இலையோ போதும். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் மெல்லிசாகக் கீறி, இரண்டு இலை வைத்து ஒரு சுற்று, அடுத்த இரண்டை எதிர்ப் பக்கம் திருப்பி ஒரு சுற்று. நார் காய்ந்தால் அறும், அதனால் ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளணும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அரை மணி நேரத்தில் பழகிவிடும். ஆண்பிள்ளைகளையும் கட்டச் சொல்லுங்கள், எங்கள் ஊரில் ஆண்கள்தான் பெரிய மாலை கட்டுகிறவர்கள்.

கணக்கு சார் (தக்கலை)

பூக்கட்டு அம்மா சொன்னதிலிருந்தே பிடித்துக்கொள்கிறேன். ஒலிம்பியாவில் முதலில் நடந்த ஓட்டம் ஒரே ஒரு நீளம்தான், ஒரு ஸ்டேடியம். அதற்கு 600 அடி கணக்கு, நம் அளவில் சுமார் 192 மீட்டர். ஆனால் ஊருக்கு ஊர் அடி வேறு, அதனால் டெல்ஃபியில் ஓடுதளம் இதைவிடக் குட்டை. இதைச் சொல்லாதீர்கள், செய்ய வையுங்கள்: மைதானத்தில் ஒவ்வொரு பிள்ளையும் குதிகாலை முன்விரலோடு ஒட்டி ஒட்டி அறுபது அடி வைக்கட்டும், முடிந்த இடத்தில் ஒரு கல். ஒன்றுக்கொன்று மீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும். அவர்களே சண்டை போடுவார்கள், யாருடைய அடி சரி என்று. அப்போது தோவாளைப் பூச்சந்தையில் முழம் போடுகிறவரின் கை நீளத்தைப் பேசலாம், நெட்டைக்காரரிடம் வாங்கினால் லாபம் என்று எல்லா அம்மாவுக்கும் தெரிந்ததுதானே. அளவு ஏன் பொதுவாக இருக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

பெண்பிள்ளைகள் "நாங்கள்?" என்று கேட்பார்கள், கேட்கணும். ஒலிம்பிக்கில் பெண்கள் போட்டியிட முடியாது. ஆனால் அதே ஒலிம்பியாவில் ஹீரா தெய்வத்துக்காகக் கன்னிப் பெண்களுக்கென்று தனி ஓட்டம் நடந்தது, தூரத்தில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார்கள். 192இல் ஆறில் ஒன்று போனால் எத்தனை? 160. பின்னம் சொல்லிக்கொடுக்க இதைவிட என்ன வேணும். "ஏன் சார் குறைச்சாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைக்குச் சமூக அறிவியலும் நடந்துவிட்டது.

இதோடு நிறுத்தினாலும் போதும், ஆனால் எனக்கு ஆசை நிழலில்தான். எரட்டோஸ்தனீஸ் என்பவர் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. தெற்கே சயீன் என்ற ஊரில், அதாவது இன்றைய அஸ்வானில், கோடையில் பகல் மிக நீளமான நாளன்று உச்சிவெயில் கிணற்றின் அடி வரைக்கும் நேராக விழும், நிழல் இருக்காது. அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்தக் கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் 5,000 ஸ்டேடியம் என்றால் பூமியைச் சுற்றி 2,50,000. அவ்வளவுதான், கப்பலும் இல்லை ஒன்றும் இல்லை, உட்கார்ந்த இடத்தில் பூமியை அளந்துவிட்டார்.

நம் மாவட்டத்துக்குப் பெரிய அதிர்ஷ்டம் என்னவென்றால் இங்கேயும் வருஷத்தில் இரண்டு நாள் உச்சிவெயில் கிணற்றுக்குள் நேராக விழும். ஏப்ரல் 10ஐ ஒட்டி ஒன்று, செப்டம்பர் 1ஐ ஒட்டி ஒன்று. ஏப்ரலில் பரீட்சை, ஆகவே செப்டம்பர். மதியம் 12.20 வாக்கில் குச்சியின் நிழல் காணாமல் போகும். அன்றைக்கு அதே நேரம் பெங்களூரில் ஒரு மீட்டர் குச்சிக்கு எட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நிழல் இருக்கும், ஏனென்றால் பெங்களூர் நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். நேர்கோட்டில் 530 கிலோமீட்டர். கோணம் தெரியாத பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு: குச்சியில் நிழல் எத்தனை பங்கோ, பூமியின் நடுவிலிருந்து தரை வரைக்கும் உள்ள தூரத்தில் 530 அத்தனை பங்கு. நூறு சென்டிமீட்டரில் எட்டரைக்குச் சற்றுக் குறைவு என்றால் பன்னிரண்டில் ஒன்று. 530ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 6,360. உண்மையான அளவு சராசரியாக 6,371 கி.மீ. நாலாம் வகுப்புப் பெருக்கல்!

தூத்தூர்க்காரன்

எல்லாரும் ஏதென்ஸையும் ஒலிம்பியாவையும் பேசுகிறீர்கள், மீன்பிடி வீட்டுப் பிள்ளைகளுக்கு அரிஸ்டாட்டில்தான் சரியான ஆள். அவர் தத்துவம் மட்டும் பேசினவர் இல்லை, லெஸ்போஸ் தீவில் இருந்தபோது கடல் உயிர்களை அறுத்துப் பார்த்து, மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினவர். ஓங்கல் (டால்பின்) காற்றை மூச்சு வாங்குகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது என்று எழுதியிருக்கிறார். கணவாய் பயந்தால் மை கக்கும், பேய்க்கணவாய் (எட்டுக்கால் உள்ள ஆக்டோபஸ்) நிறம் மாறும் என்பதும் அவர் எழுத்தில் இருக்கிறது. சுறாவில் ஒரு வகை தாயின் வயிற்றுக்குள்ளேயே குட்டியைத் தொப்புள்கொடி மாதிரி ஒன்றில் இணைத்து வளர்க்கிறது என்று சொன்னார், படித்தவர்கள் ரொம்பக் காலம் அதைச் சரியாக நம்பவில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் யோகான்னஸ் முல்லர் அறுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார். எங்கள் ஊரில் சுறாவுக்குப் போகிற யாரிடமாவது கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். பால்சுறாவின் வயிற்றைக் கீறினால் கொடியோடு குட்டி வரும், நான் சின்ன வயதிலேயே பார்த்தது.

டீச்சர், பிள்ளைகளின் அப்பாமார் யாரையாவது வகுப்புக்குக் கூப்பிடுங்கள், காட்ட வேண்டிய நாளுக்கு இல்லை, பாடம் எடுக்க. வாழையிலையில் ஒரு கணவாயை வைத்து முதுகுப் பக்கம் கீறி, உள்ளே இருக்கிற ஓடு வெளியே வருகிற மாதிரி உருவட்டும். வெள்ளையாக, நகம் பதிகிற மாதிரி மெதுவாக இருக்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும், ஏன் மிதக்கிறது என்பதிலேயே ஒரு பீரியட் ஓடும், ஆர்க்கிமிடீஸும் அங்கே தானாக வந்துவிடுவார். பிறகு மைப்பையை உடையாமல் எடுக்கட்டும், அந்த மையைத் தொட்டுப் பிள்ளைகள் கணவாயை வரையட்டும். நாற்றம் இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இன்னொரு வேடிக்கை. அதே அரிஸ்டாட்டில், பெண்களுக்கு ஆண்களைவிடப் பல் குறைவு என்றும் எழுதிவிட்டார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, வீட்டில் பெரியவர்கள் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிவரச் சொல்லுங்கள். பூக்கட்டு அம்மா கோபிக்கக் கூடாது, இதற்கு சார்ட் வேண்டாம்.

பூக்கட்டு அம்மா

ஞானப்பல் முளைத்தது, பிடுங்கினது எல்லாம் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அரிஸ்டாட்டில் சொன்னதே சரி என்று வந்துவிடும் எங்கள் வீட்டில்.

வில்லடி ரசிகன் (அகஸ்தீஸ்வரம்)

நாடகத்துக்குப் போர்வை சுற்றும் வேலையை விட்டுவிடுங்கள். பழைய கிரேக்கச் சோக நாடகத்தில் ஒரு காட்சியில் பேசுகிற நடிகர் மூன்று பேருக்கு மேல் இல்லை, ஆனால் கோரஸ் என்று பதினைந்து பேர் வரை கூட்டமாக நின்று பாடி, ஆடி, கதைக்கு நடுவே கேள்வி கேட்டு, ஊர் பேசுகிறதைப் பேசும். நமக்கு இது புதிதா? வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு மடக்கிக் கேட்பாரே. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை, ஒன்று தெரிந்த பிள்ளைக்கு மற்றது சட்டென்று பிடிபடும். ஈசாப் கதையில் ஆமையும் முயலும் எல்லாருக்கும் தெரியும், அதனால் வேறு ஒன்றை எடுத்து வில்லுக்கு எழுதுங்கள், நரியும் கொக்கும் விருந்து வைக்கிறது நல்ல பேச்சுக்கு இடம் கொடுக்கும். முக்கியமான லாபம், எந்தப் பிள்ளையும் மரமாக ஓரத்தில் நிற்க வேண்டாம், எல்லாரும் கோரஸ். முகமூடிக்குக் கமுகம்பாளை. காய்வதற்கு முன்னால் கண் துளை போட்டுவிடணும், காய்ந்தபின் வெட்டினால் வெடிக்கும்.

கடற்கரை டீச்சர்

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பித்தகோரஸையும் பார்த்தினானையும் வெட்டிவிட்டேன். கயிறு, அறுபது அடி, கணவாய், நிழல், வில்லுப்பாட்டு, இவ்வளவுதான். பானை ஓவியம் மட்டும் விட மனமில்லை: காவி நிறக் கிரேயானை அழுத்தித் தேய்த்து, மேலே கறுப்பு பூசி, ஈர்க்கில் கூரால் சுரண்டினால் அந்தக் கறுப்புக் காவிப் பானை மாதிரியே வருகிறது, அதில் கணவாயையும் ஓங்கலையும் வரையச் சொல்லப் போகிறேன்.

இரண்டு சந்தேகம். ஏதென்ஸில் பானை ஓட்டில் பெயர் கீறி ஓட்டுப் போட்டார்களே, அதை வகுப்பில் செய்யலாமா? உடைந்த சட்டி எங்கள் பக்கம் வேண்டிய மட்டும் கிடைக்கும். அடுத்து, நிழல் நாளன்று மேகமாக இருந்தால் என்ன செய்வது? என் தம்பி பெங்களூரில் இருக்கிறான், அங்கே அளந்து போட்டோ அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

வேண்டாம் டீச்சர். ஓட்டில் பெயர் கீறியது தலைவரைத் தேர்ந்தெடுக்க அல்ல, ஒருவரைப் பத்து வருஷம் ஊரை விட்டு அனுப்ப. வகுப்பில் செய்தால் ஏற்கெனவே ஒதுக்கப்படுகிற பிள்ளையின் பெயர்தான் எல்லா ஓட்டிலும் இருக்கும். அதற்குப் பதில் ஏதென்ஸின் ஐந்நூற்றுவர் சபையை எடுங்கள், அதற்கு ஆள் எடுத்தது சீட்டுக் குலுக்கி. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை இருக்கிறது, அது பத்தாம் நூற்றாண்டு, அதுவும் குலுக்கல்தான். குடத்தில் பெயரைப் போட்டு வாரத்துக்கு வாரம் கரும்பலகை, தண்ணீர், செடி என்று பொறுப்பைக் கொடுங்கள். ஏதென்ஸில் பெண்ணுக்கும் அடிமைக்கும் வெளியூர்க்காரருக்கும் அந்தக் குடத்தில் பெயர் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் பாதிச் சீட்டை எடுத்துவிட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், கேட்டால் போதும்.

கணக்கு சார்

மேகத்துக்குக் கவலைப்பட வேண்டாம், நாலைந்து நாள் முன்பின்னாக அளக்கலாம். சூரியன் ஒரு நாளைக்கு நகர்வதில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் ஆறு மில்லிமீட்டர் அளவுதான் மாறும். ஆனால் இரண்டு ஊரிலும் ஒரே நாளில் அளக்கணும். செப்டம்பர் 1 கழிந்து அளந்தால் நம் குச்சிக்கும் வடக்கே கொஞ்சம் நிழல் இருக்கும், அதைத் தம்பியின் நிழலிலிருந்து கழியுங்கள். முந்தி அளந்தால் நம் நிழல் தெற்கே விழும், அப்போது கூட்டணும். 12.10க்கே தொடங்கி இரண்டு நிமிஷத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள், மிகக் குட்டையான நிழல் எதுவோ அதுதான் கணக்கு. தம்பியிடம் குச்சி செங்குத்தாக நிற்கணும் என்று சொல்லுங்கள், ஒரு நூலில் கல்லைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டால் தெரிந்துவிடும். மொட்டைமாடி சாய்வாக இருந்தால் தரையில் அளக்கச் சொல்லுங்கள்.